பாக்கியத்தின் கை

"கதை நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அந்தப் பொம்பள கை எங்க இருக்கு? அதக் காணுமே."

எட்டு வருடங்களுக்கு முன்பு, தூத்துக்குடியில் ஒரு சின்ன வாசகர் கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா என்னிடம் வந்து இப்படிக் கேட்டார். ஐம்பது வயதிருக்கும். கல்லூரியில் படிக்கும் மகளோடு வந்திருந்தார். உப்பளத்தில் வேலை பார்க்கும் பாக்கியம் என்ற பெண்ணைப் பற்றி நான் எழுதிய கதை அப்போதுதான் ஒரு சிற்றிதழில் வந்திருந்தது. மகள் அதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். அக்கா இருபத்தைந்து வருடமாக அளத்து வேலைக்குப் போகிறவர்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "கைன்னா எதைச் சொல்றீங்கக்கா?" என்றேன்.

"கதை பூரா அவ நெனைக்கா, அழுதா, கடலப் பாத்துக்கிட்டு நிக்கா. கை சும்மா தொங்குது. அளத்துல கை சும்மா தொங்குனா கணக்கப்பிள்ளை விட்டுருவானா?"

குறை சொல்லும் தொனி அதில் துளியும் இல்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று விசாரிப்பதுபோல, பாக்கியத்தின் மேல் உள்ள அக்கறையில் கேட்டார். அன்று இரவே கதையை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்தேன். கை வரும் இடத்தையெல்லாம் அடிக்கோடிட்டேன். பதினோரு பக்கக் கதையில் இரண்டே இடம். ஒன்றில் பாக்கியம் கண்ணீரைத் துடைக்கிறாள். மற்றொன்றில் வெயிலுக்காக நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறாள். இரண்டுமே நான் எந்தப் படத்திலோ பார்த்த கைகள்.

கதை எழுதுவதைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான்.

நான் தூத்துக்குடிக்காரி. பிறந்து வளர்ந்தது டவுனுக்குள். திருச்செந்தூர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பாத்திகளையும் வெள்ளை வெள்ளையாகக் குவித்திருக்கும் அம்பாரங்களையும் பார்த்திருக்கிறேன். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிகமாக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஊரைப் பற்றி எழுத அது போதும் என்று நினைத்திருந்தேன். பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறவருக்கு அளத்தில் உப்புதான் தெரியும், ஆள் தெரிவது அபூர்வம். நான் ஏறும் பஸ் அந்த வழியாகப் போகும் நேரத்துக்குள் அங்கே பாதி வேலை முடிந்திருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

என் கதையில் பாக்கியம் உச்சி வெயிலில் உப்பு வாரினாள். வெயில் கூடினால் துயரமும் கூடும் என்பது என் கணக்கு. உண்மையில் வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்றுதான் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும். கடல் அலை வாய்க்கால் வழியே வந்து பாத்தியை நிரப்புவதாக எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்தில் பல அளங்களுக்குத் தண்ணீர் நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது. ஆழ்துளைக் கிணறு போட்டு, மோட்டார் வைத்து உவர்நீரை இறைக்கிறார்கள். கடைசி வரியில் அவள் கடலைப் பார்த்தபடி நிற்கிறாள். நான் அவளை நிறுத்திய இடத்திலிருந்து கடலே தெரியாது.

இந்தப் பிழைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை. உணர்ச்சியை நான் முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். அதற்கு ஏற்றபடி வெயிலையும் அலையையும் கடலையும் கொண்டுவந்து அவளைச் சுற்றி நிறுத்தினேன். அவளுக்கு என்று ஒரு வேலை இருப்பதையும், அந்த வேலை அவளை அசையவும் நிறுத்தவும் குனியவும் வைக்கும் என்பதையும் யோசிக்கவே இல்லை.

அடுத்த மே மாதத்தில் ஒரு நாள் அக்கா என்னை அளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்றரை மணிக்குக் கிளம்பினோம். "நோட்டெல்லாம் அப்புறம் எடுங்க, மொதல்ல வரப்புல பாத்து நடங்க" என்றார். வரப்பில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். இருட்டில் முதலில் கேட்டது சத்தம்தான். ஆண்கள் நீளக் கைப்பிடி போட்ட வாருபலகையால் பாத்தியின் அடியிலிருந்து உப்பை இழுத்துச் சேர்க்கும் சத்தம். ஈர மணலைச் சுரண்டுவதற்கும் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டுவதற்கும் நடுவில் இருந்தது. சேர்த்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் ஏற்றித் தட்டுமேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது பெண்கள். அக்கா உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டார். காலுக்குப் பழைய சாக்ஸ். பழைய சேலைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டார்.

விடிந்த பிறகு பக்கத்துப் பாத்தியைக் காட்டினார். அங்கே தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. உப்பு மிகுந்த நீரில் மட்டும் வாழும் நுண்ணுயிர்களால் வரும் நிறம் அது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அக்கா குனிந்து ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்தார். கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் ஆவும்" என்றார்.

தண்ணீரின் உறைப்பை அளக்க மிதவைக் கருவி இருக்கிறது. டிகிரிக் கணக்கில் சொல்வார்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. தெப்பத்தில் தேக்கி வெயிலிலும் காற்றிலும் வற்ற வைத்து, பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே வந்தால் 25 டிகிரி வாக்கில் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 என்று தாண்டவிட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து இறங்கி எல்லாம் கசந்துபோகும். அதற்கு முன்பே மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். இந்தக் கணக்கு முழுவதும் அக்காவின் இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்தது. அந்த நிமிடத்தில்தான் அவர் என்னிடம் கேட்ட கேள்வி எனக்கு முழுசாகப் புரிந்தது. பாக்கியத்துக்குத் தெரிந்தவை எல்லாம் கையில் இருக்கின்றன. நான் அவளுடைய மனதுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் அன்று பார்த்தேன். பத்து மணிக்கு வேலை கொஞ்சம் ஓய்ந்தபோது அக்கா அவிழ்ந்த சும்மாட்டைத் திரும்பச் சுருட்டியபடியே பேசிக்கொண்டிருந்தார். மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்டியதைப் பற்றிய பேச்சு. "கம்மல வச்சுத்தான் கெட்டுனேன்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. நேற்று மீன் வாங்கியதைச் சொல்வதுபோல இருந்தது. ஆனால் கம்மல் என்று சொன்ன இடத்தில் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு சுருட்டத் தொடங்கியது, முன்னைவிடக் கொஞ்சம் இறுக்கமாக.

மனிதர்கள் முக்கியமானதைச் சொல்லும்போது பெரும்பாலும் வேறு எதையோ செய்துகொண்டிருப்பார்கள். கீரை ஆய்வார்கள், வண்டியைத் துடைப்பார்கள், மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். உணர்ச்சி முகத்துக்கு வருவதை மறைக்கச் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறோம். கையை மறைக்க யாரும் பழகுவதில்லை. அதன் வேகம் மாறுவதை எழுதினாலே போதும். "அவள் மனம் கனத்தது" என்று எழுத வேண்டியதில்லை. இந்த வரியை என் முதல் கதையில் நான்கு தடவை எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆசையோடு இரண்டாவது தடவை எழுதினேன். முதலாவதைவிட மோசமாக வந்தது. நோட்டில் அறுபதுக்கும் மேலே சொற்கள் சேர்ந்திருந்தன. தெப்பம், தட்டுமேடு, வாருபலகை, அம்பாரம், கசப்புத் தண்ணீர் போகும் நஞ்சோடை என்று எல்லாவற்றையும் கதைக்குள் கொண்டுவந்து இறக்கினேன். ஒவ்வொன்றும் வரும்போது வாசகருக்காக அரை வரி விளக்கம். நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் நிரூபித்துக்கொண்டிருந்தேன். கை இருந்தது. கைக்கு உரியவளைக் காணோம்.

அதை ஒரு மாதம் ஓரமாக வைத்தேன். அந்த மாதத்தில்தான் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைத் திரும்ப வாசித்தேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பற்றி எழுத வருகிற எவரும் அந்த நாவலைத் தாண்டிப் போக முடியாது. யாரைப் பற்றி எழுதப் போகிறாரோ அவர்களிடமே நேரில் போய் இருந்து, பார்த்து, பேசிவிட்டு எழுதுவதை வழக்கமாக வைத்திருந்தவர் அவர். பஸ் ஜன்னலோடு நின்றுவிட்ட எனக்கு அதில் வெட்கமும் தைரியமும் சேர்ந்து கிடைத்தது. அவர் எழுதியது ஒரு காலத்து அளத்தை. நான் பார்த்த அளத்தில் அக்காவின் இடுப்பில் செல்போன் இருந்தது. கூடை நிரம்பும் நேரத்தில் மகள் கூப்பிட்டாள். எண்ணெயும் உப்பும் படிந்த விரலால் திரை வேலை செய்யவில்லை. அந்த விரலை எழுத நான் இருக்கிறேன் என்று தோன்றியது.

எங்கள் மாவட்டத்திலேயே இடைசெவல் கிராமத்தில் பிறந்த கி. ராஜநாராயணனையும் அப்போது நிறைய நினைத்துக்கொண்டேன். கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியே போட்டவர். என் நோட்டிலும் சொற்கள் இருந்தன, அவரிடமும் சொற்கள் இருந்தன. அவை பேசுகின்றன, என்னுடையவை ஏன் கண்காட்சியில் வைத்ததுபோல் நிற்கின்றன? அவர் விவசாயி. மாட்டைப் பிடித்து, மண்ணைக் கிளறி, அந்த வேலையோடு வேலையாக அவருக்குள் வந்து சேர்ந்த சொற்கள் அவை. நான் என் சொற்களை ஒரே காலையில் வரப்பில் உட்கார்ந்தபடி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் எழுதுவதுபோல எழுத எனக்கு உரிமை கிடையாது. என் நிலைக்குத் தகுந்த வேறு வழியைத்தான் தேட வேண்டும்.

அந்த வழி ஒரு சின்னப் பரீட்சையாகக் கிடைத்தது. இந்தச் சொல் இந்த நிமிடத்தில் பாக்கியத்தின் நினைப்பில் வருமா என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுப் பார்த்தேன். வாருபலகையைக் கையில் வைத்திருப்பவர் 'இது வாருபலகை' என்று நினைக்கமாட்டார். பலகை கழன்று கைப்பிடி மட்டும் கையோடு வரும்போதுதான் அதன் பெயர் வாயில் வரும், கூடவே ஒரு வசவும் வரும். கருவியின் பெயர் அது பழுதாகும்போது வருகிறது, தொலையும்போது வருகிறது, அடுத்தவர் இரவல் கேட்கும்போது வருகிறது. மற்ற நேரத்தில் அது கையின் ஒரு பகுதி. இப்படிப் பார்த்துப் பார்த்து அறுபது சொற்களில் நான்கைந்தை மட்டும் வைத்துக்கொண்டேன். விளக்கம் எதற்கும் கொடுக்கவில்லை. 'தட்டுமேட்டில் கொட்டிவிட்டு இறங்கினாள்' என்று எழுதினால் அது மேடான இடம், அங்கே ஏதோ கொட்டுவார்கள் என்பது கோயம்புத்தூர் வாசகருக்கும் புரியும். அதற்கு மேல் அவருக்குத் தேவையில்லை.

எடுத்துப் போட்டதில் என்னைத் தவிக்கவிட்டது ஒன்றுதான். குஜராத்தின் கட்ச் பகுதியில் காலமெல்லாம் உப்பில் நின்ற தொழிலாளிகள் இறந்தால் உடல் எரிந்த பிறகும் பாதங்கள் எரிவதில்லை என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுவார்கள். வாசித்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்துவிட எனக்கு ரொம்ப ஆசை. அக்காவிடம் கேட்டேன். "எங்க ஊர்ல அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லியே. இருக்கும்போதுள்ள கால எழுதுங்க" என்றார். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் சாக்ஸைக் கழற்றுவதை எழுதினேன். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட சாக்ஸை விரலிலிருந்து குதிகால் பக்கமாக அவர் சுருட்டிக் கழற்றுவார், வெடிப்பில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. எப்போதும் வலது கால்தான் முதலில்.

சரி, இனி மொழிக்கு வருகிறேன். தமிழில் கதை எழுத உட்காரும் யாரும் முதல் வரியிலேயே ஒரு முடிவெடுத்தாக வேண்டும்: வந்தானா, வந்தாரா? எழுவாயை விட்டுவிட்டாலும் தப்பிக்க முடியாது, வினைமுற்றில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருவரை மதிக்கிறோமா இல்லையா என்று சொல்லாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்றுகூடத் தமிழில் எழுத வழியில்லை.

முதல் வடிவத்தில் நான் எழுதியது இது: 'கணக்கப்பிள்ளை வந்தார். பாக்கியம் எழுந்தாள்.' இதை நான் யோசித்து எழுதவில்லை. அவர் வந்தார், அவள் எழுந்தாள் என்பது எனக்குக் காற்று மாதிரி இயல்பாக இருந்தது. எங்கள் வீட்டில் சீட்டுப் பணம் வாங்க நோட்டோடு வருகிற இளைஞர் 'அவர்'. தெருவில் உப்பு விற்று வருகிற, என் பாட்டி வயதுள்ள அம்மா 'அவள்'. பழைய பத்திரிகைக் கதைகளைப் புரட்டினாலும் பண்ணையார் வருவார், அவரைவிட இருபது வயது மூத்த வேலையாள் வருவான். நான் வளர்ந்த வீடும் வாசித்த கதைகளும் எனக்குத் தெரியாமலே என் வினைமுற்றுகளுக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. எழுதுகிறவளாக நான் மிகவும் வருந்திய கண்டுபிடிப்பு இதுதான்.

முதலில் 'பாக்கியம் எழுந்தார்' என்று மாற்றிப் பார்த்தேன். நியாயமாக இருந்தது, கதை செத்துவிட்டது. செய்தித்தாளில் வரும் பேட்டிபோல அவள் தூரமாகப் போய்விட்டாள். அவளுக்குள் இருந்து எழுதுகிற கதை அது. தனக்குள் யாரும் தன்னை 'அவர்' என்று நினைப்பதில்லை. அப்புறம்தான் கூட்டத்தில் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. "கணக்கப்பிள்ளை விட்டுருவானா?" என்று கேட்டாரே! அதே அக்கா, நான் அளத்துக்குப் போன அன்று பைக்கில் கணக்கப்பிள்ளை வந்து இறங்கியதும், "வாங்க அண்ணாச்சி, டீ குடிச்சீகளா?" என்று கேட்டார். நெஞ்சுக்குள் அவன், வாயில் அண்ணாச்சி. இரண்டும் பொய் இல்லை.

கதை எனக்கு அங்கேதான் திறந்தது. கதைசொல்லும் வரிகளில் 'கணக்கப்பிள்ளை வந்தான்' என்று எழுதினேன். பேச்சில் 'வாங்க அண்ணாச்சி' என்று எழுதினேன். அடுத்தடுத்த இரண்டு வரிகள். அளத்தில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் எதுவரை போகும், எங்கே நிற்கும் என்பதையெல்லாம் அந்த இரண்டு வரிக்கு நடுவில் இருந்த வெள்ளை இடம் பார்த்துக்கொண்டது. நான் அதுவரை எழுதியிருந்த இரண்டு பக்க விவரிப்பை அப்படியே எடுத்துவிட்டேன்.

கதையின் கடைசிப் பகுதியில், பாக்கியத்தின் மகன் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அளத்துக்கு வேலை கேட்டு வந்த செய்தியைக் கணக்கப்பிள்ளையே வந்து அவளிடம் சொல்கிறான். 'எடுக்கல. திருப்பி அனுப்பிட்டேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைக்கைத் திருப்புகிறான். அடுத்த வரியை எழுதும்போது என் கை தானாக 'கணக்கப்பிள்ளை போனார்' என்று எழுதியது. தவறு என்று அடிக்கப் போனேன். பிறகு விட்டுவிட்டேன். கதை முழுக்க 'ஆன்' என்று வந்தவருக்கு அந்த ஒரே இடத்தில் 'ஆர்'. எழுதி இத்தனை வருடத்தில் அதைக் கவனித்துக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். கவனிக்காமல் வாசித்தவர்களுக்கும் அந்த எழுத்து ஏதோ செய்திருக்கும் என்றே நம்புகிறேன்.

துணைவினைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதினேன், எழுதிப் பார்த்தேன், எழுதி வைத்தேன், எழுதித் தள்ளினேன், எழுதித் தீர்த்தேன். நடந்த காரியம் ஒன்றுதான். அதைச் செய்தவரின் மனநிலை ஐந்து. வேறு எந்த வர்ணனையும் இல்லாமல் ஒரு சின்ன வினை ஒட்டிக்கொண்டு மொத்த உறவையும் சொல்லிவிடுகிறது. இதை வைத்துக்கொண்டு உரிச்சொற்களைத் தேடி அலைவது வீட்டில் கிணற்றை வைத்துக்கொண்டு தெருக்குழாயில் குடத்தோடு நிற்பது மாதிரி.

உப்பளக் கதையில் இது எனக்கு மழைக்கு உதவியது. தமிழில் மழை என்று எழுதினாலே வாசகர் மனது குளிர்ந்துவிடும். சங்கப் பாட்டிலிருந்து அப்படிப் பழகியிருக்கிறோம். முல்லைத் திணையில் தலைவன் திரும்பி வரும் காலமே கார்காலம்தான். இதை மீறி, இந்த மழை வரக் கூடாத மழை என்று வாசகரை நினைக்க வைக்க வேண்டும். அளத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுக்க வேலை கிடையாது. அதைத் தெரிந்துதான் இருக்கிறார்கள், அதற்கு முன்பே நாலு காசு சேர்த்து வைக்கப் பார்ப்பார்கள். திடீரென்று வருகிற கோடைமழைதான் கொடுமை. விளைந்து வாருவதற்குத் தயாராக இருக்கும் உப்பு ஒரு மணி நேரத்தில் கரைந்து போகும். முதல் வடிவத்தில் இதை விளக்க ஒரு பத்தி செலவழித்திருந்தேன். கடைசி வடிவத்தில் இருப்பது ஒரு வரி: 'விடியக்காலம் மழை பெய்து தொலைத்தது.' பெய்தது என்றால் வானிலை. தொலைத்தது என்றதும் அது பாக்கியத்தின் வீட்டு அரிசிப் பானைக்குள் பெய்த மழை.

வினை கடைசியில் வருவதையும் நான் இந்தக் கதையில்தான் உணர்ந்து பயன்படுத்தினேன். தமிழில் வாக்கியத்தின் பாரம் கடைசிச் சொல்லில் இறங்குகிறது. அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பது பெரிய விஷயம். 'மகன் வேலை கேட்டு வந்த செய்தியைக் கேட்டு அவள் அதிர்ந்தாள்' என்று முதலில் எழுதியிருந்தேன். பாரத்தை ஓர் உணர்ச்சிச் சொல்லின் தலையில் வைத்தேன், அது தாங்கவில்லை. மாற்றி எழுதியது: 'மகன் வேலை கேட்டு வந்ததைக் கணக்கப்பிள்ளை சொல்லி முடிக்கிறவரை அவள் தலையிலிருந்த கூடையை இறக்கவில்லை.' செய்தி வாக்கியத்தின் நடுவில் போய்விட்டது. கடைசியில் நிற்பது கூடையைப் பிடித்த கை. உப்பு நிறைந்த கூடையோடு ஒருவர் அத்தனை நேரம் அசையாமல் நின்றால் அவருக்குள் என்ன நடக்கிறது என்பதை வாசகரே பார்த்துக்கொள்வார்.

இப்படி வாக்கியங்களை மாற்றும்போது சத்தமாக வாசித்துப் பார்ப்பேன். மூச்சு எங்கே வாங்குகிறதோ அங்கே வாக்கியத்தை உடைப்பேன். ஆனால் நீளமாக இருந்தே ஆக வேண்டிய வாக்கியங்களும் உண்டு. தட்டுமேட்டில் ஏறுகிற வாக்கியம் அப்படி. அதைப் படிக்கிறவருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று அப்படியே விட்டேன்.

பேச்சு மொழியில் மட்டும் நான் பிடிவாதக்காரி. ஒரு பத்திரிகையில் என் வேறொரு கதை வந்தபோது 'நெனைக்கா' என்பதை 'நினைக்கிறாள்' என்று திருத்தி, கதை முழுக்க எல்லோரையும் ஒரே ஊர்க்காரர்களாக ஆக்கிவிட்டார்கள். என்னிடம் கேட்கவும் இல்லை. இன்றைக்கும் அந்தக் கதையைத் தொகுப்பில் சேர்க்க மனம் வரவில்லை. அதற்காக எல்லா ஒலியையும் எழுத்தில் பிடிக்க வேண்டும் என்றும் நான் நினைப்பதில்லை. அப்படி எழுதினால் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டியதாகிவிடும். எங்கள் ஊர்ப் பேச்சு வினையின் வாலில் இருக்கிறது. நிக்கா, பாக்கா, சொல்லுதாவ, குடிச்சீகளா. அந்த வாலை விட்டுக்கொடுக்காமல் மீதியைப் பொதுவான எழுத்தில் எழுதினால் ஊர் வந்துவிடுகிறது. 'அண்ணி' என்று எழுதாமல் 'மதினி' என்று எழுதினால் வீடும் வந்துவிடுகிறது.

மூன்றாவது வடிவத்தை முடிக்க ஏழு மாதம் ஆனது. பதினோரு பக்கம் ஒன்பதாகக் குறைந்தது. கடல் இல்லை. கண்ணீர் இல்லை; வியர்வையும் கண்ணீரும் உப்புக் கரிக்கும் என்ற ஒப்புமையை அக்காவுக்காகவே தொடவில்லை, அதை அவர் எத்தனை மேடையில் கேட்டிருப்பார். கதை, பாக்கியம் வேலை முடிந்து கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவதற்கு முன் மகனுக்குப் போன் செய்வதற்காக விரலைச் சேலையில் திரும்பத் திரும்பத் துடைப்பதோடு நின்றது.

அச்சுக்கு அனுப்புவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மகள்தான் வாசித்தாள். அக்கா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து, வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். கணக்கப்பிள்ளை போனார் என்ற இடத்தில் தடவுவதை நிறுத்திவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணுதான்."

"சொல்லுங்கக்கா."

"வேல முடிஞ்சு சும்மாட்ட எடுக்கா இல்ல? எடுத்துட்டு அப்படியே போறா. அப்படிப் போவ முடியாதும்மா. எடுத்தவொடனே இங்கன ஒரு மாதிரி குளுந்து போவும், அரிக்கும். யாரா இருந்தாலும் கை அங்க போயிரும்."

சொல்லிக்கொண்டே தன் உச்சந்தலையில் விரல்களை வைத்தார். சும்மாடு உட்காரும் வட்டத்தைச் சுற்றி, முடி குறைந்த அந்த இடத்தை, நாலு விரலாலும் மெல்லத் தேய்த்துக் காட்டினார். நான் எழுதிக்கொண்டேன். மகள் எழுந்து போய் அம்மாவின் பின்னால் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் தேய்த்துவிடத் தொடங்கினாள்.